ஜரிகைக்கு விலை உண்டு, பூவுக்கு?

செஞ்சியில் எங்கள் தெருப்பக்கம் "பழைய பட்டு, கிழிஞ்ச பட்டு!" என்று கூவிக்கொண்டு ஆள் வந்தால் போதும், நம்மில் பலர் பெட்டியைத் திறந்துவிடுகிறோம். புடவையை எரித்து வெள்ளியைப் பிரித்துக்கொள்வார்கள். நமக்கும் நாலு காசு. தப்பென்று சொல்லவில்லை, பணமுடை என்றால் யார்தான் என்ன செய்வது? ஆனால் பாட்டி காலத்துக் கரையும் முந்தானைப் பூவும் அந்த நெருப்பிலேயே போகிறதே, அதற்கு யார் விலை போட்டார்கள்?

சீமையிலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. பிரான்சில் புரட்சிக்குப் பிறகு, 1797-ல், அரசாங்கமே அரண்மனைச் சித்திரத் திரைகளைக் கொளுத்தியது. எல்லாம் உள்ளே நெய்திருந்த தங்கம், வெள்ளி இழைக்காகத்தான்!

பூவைக் காப்பாற்றிய பெண்மணி ஒருவரும் அங்கே உண்டு. ஆன்னா மரியா கார்த்வெய்ட், பாதிரியார் மகள், கல்யாணம் ஆகாதவர். நாற்பது வயதை ஒட்டி, விதவைச் சகோதரியுடன் லண்டனில் பட்டுத்தறிகள் நிறைந்த ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் குடியேறினார். ரோஜாவும் கொடியுமாக, தோட்டத்துப் பூ அப்படியே துணியில் உதிர்ந்தாற்போல வண்ணம் தீட்டிக் கொடுப்பார், நெசவாளர்கள் நெய்வார்கள். படத்தின் மேலேயே தேதியும், வாங்கிய நெசவாளர் பெயரும் எழுதி வைத்தார் பாருங்கள், அதுதான் சமர்த்து. 1763-ல் காலமானார். அவருடைய 800-க்கும் மேற்பட்ட படங்கள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன. அவற்றை வைத்து, இந்தப் பட்டு இன்னார் நெய்தது என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது.

நமக்கு அப்படிக் காகிதம் ஏது? புடவைதான் காகிதம். சேத்துப்பட்டு வழியாகப் போனால் ஆரணி. அங்கே தறிக்கு மேலே துளை போட்ட அட்டைகள் தொங்குமே, ஜக்கார்டு என்று, அது லியோன் நகரத்து ஜக்கார் 1804-ல் அமைத்த ஏற்பாடு. எந்த இழை எழும்ப வேண்டும் என்று துளைதான் சொல்லும். பழைய கரையைக் கட்டம் போட்ட தாளில் பிரதியெடுத்து, அட்டை குத்தினால் திரும்ப நெய்துவிடலாம். புடவையே சாம்பலாகிவிட்டால் எதைப் பார்த்து எடுப்பது?

கொடுத்தே ஆகவேண்டுமானால் முந்தானையில் ஒரு சாண், கரையில் ஒரு முழம் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை மல் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், அந்துருண்டை ஜரிகைமேல் படக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். யார் கல்யாணத்துக்கு, எந்த ஊரில், எந்த வருஷம் எடுத்தது என்று ஒரு சீட்டு எழுதிக் கூடவே வையுங்கள். மயில்கண்ணா, ருத்ராட்சமா, மல்லிமொக்கா என்று கரையின் பெயரையும் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.