மருந்து கசியும் ஸ்டென்ட் உறை

மருந்து கசியும் ஸ்டென்ட் உறை என்பது, இதயத் தமனியின் அடைப்பை நீக்கிய பின் அங்கு பொருத்தப்படும் உலோக வலைக்குழாயின் மீது பூசப்படும் மிக மெல்லிய படலமாகும். இதிலுள்ள மருந்து சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை சிறிது சிறிதாகத் தமனிச் சுவருக்குள் கசிந்து, தமனி மீண்டும் குறுகுவதைத் தடுக்கிறது.

தேவை

1977-இல் ஆண்ட்ரியாஸ் குருன்சிக் சூரிச் நகரில் பலூன் மூலம் இதயத் தமனியை விரிக்கும் சிகிச்சையைத் தொடங்கினார். விரித்த தமனி மீண்டும் சுருங்கிவிடாமல் தாங்குவதற்காக 1986-இல் முதன்முதலாக மனிதரின் இதயத் தமனியில் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. ஆனால் பலூனும் உலோகமும் தமனிச் சுவரைக் காயப்படுத்துகின்றன. காயம் ஆறும்போது மென்தசை உயிரணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகி, வலையின் உட்புறத்தை நிரப்புகின்றன. இது மீள்குறுக்கம் எனப்படும். உறையற்ற ஸ்டென்ட் பெற்றவர்களில் சுமார் 20 முதல் 30 விழுக்காட்டினருக்கு இது ஏற்பட்டது.

அமைப்பு

சிரோலிமஸ் மருந்தைக் கொண்ட சைபர் ஸ்டென்டில் உறை மூன்று அடுக்குகளாக இருந்தது. அடியில் உலோகத்தோடு ஒட்டும் படலம், நடுவில் மருந்தும் பாலிமரும் கலந்த படலம், மேலே மருந்தற்ற பாலிமர் படலம். மேற்படலம் கசிவின் வேகத்தைக் குறைத்தது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 140 மைக்ரோகிராம் அளவே மருந்து இருந்தது. அதில் ஏறக்குறைய 80 விழுக்காடு 30 நாட்களில் வெளியேறியது.

மருந்துகள்

சிரோலிமஸ், ஈஸ்டர் தீவின் மண்ணில் கண்டறியப்பட்ட ஒரு பாக்டீரியாவிலிருந்து பெறப்பட்டது. அத்தீவின் உள்ளூர்ப் பெயரான ராப்பா நுய் என்பதால் இதற்கு ராப்பாமைசின் என்றும் பெயர். இது உயிரணு பிளவுபடுவதைத் தொடக்க நிலையிலேயே நிறுத்துகிறது. டாக்சஸ் ஸ்டென்டில் பயன்பட்ட பாக்லிடாக்சல், உயிரணுப் பிளவுக்குத் தேவையான நுண்குழல்களை இயங்கவிடாமல் உறையச் செய்கிறது. இன்று பெரும்பாலும் சிரோலிமசும் எவரோலிமஸ் போன்ற அதன் உறவு மருந்துகளுமே பயன்படுகின்றன.

இடர்

1999-இல் பிரேசிலின் சாவோ பாவுலோவில் முதல் நோயாளிக்கு சிரோலிமஸ் ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. 2003-இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. மீள்குறுக்கம் பெருமளவு குறைந்தது. ஆனால் தசை வளர்ச்சியைத் தடுக்கும் அதே மருந்து, உலோகத்தை மூட வேண்டிய உட்சுவர்ப் படலத்தின் வளர்ச்சியையும் தாமதப்படுத்துகிறது. மருந்து தீர்ந்த பிறகும் தங்கிவிடும் பாலிமர் சிலருக்கு அழற்சியை உண்டாக்கியது. மூடப்படாத உலோகத்தின் மீது ஓராண்டுக்குப் பிறகும் இரத்தம் உறையலாம். இது அரிதானாலும் மாரடைப்பையும் மரணத்தையும் விளைவிக்கக்கூடியது. 2006 முதல் இக்கவலை பெரிதாக விவாதிக்கப்பட்டது.

புதிய உறைகள்

இதன் விளைவாகக் கம்பிகள் மெலிந்தன: சைபரில் சுமார் 140 மைக்ரோமீட்டராக இருந்த தடிப்பு, எவரோலிமஸ் ஸ்டென்டுகளில் சுமார் 81 ஆனது. சில வகைகளில் தமனிச் சுவரைத் தொடும் பக்கத்தில் மட்டும் உறை பூசப்படுகிறது. சிலவற்றில் பாலிமர் சில மாதங்களில் கரைந்து, இறுதியில் நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறிவிடுகிறது. பாலிமரே இல்லாத வகைகளும் உண்டு.

ஸ்டென்ட் பொருத்திய பின் ஆஸ்பிரினுடன் குளோபிடோகிரல் போன்ற இன்னொரு தட்டணு எதிர்ப்பு மருந்தும் தரப்படுவதன் காரணம் இதுவே. நிலையான இதயநோய்க்குப் பொதுவாக 6 மாதங்களும், மாரடைப்புக்குப் பின் 12 மாதங்களும் இரண்டும் தொடரும். நோயாளிக்கேற்ப இக்காலம் மாறும். பல் பிடுங்குவதற்காகக்கூட, இதய மருத்துவரைக் கேட்காமல் இவற்றை நிறுத்தக் கூடாது.