மொய் நோட்டுக்கு முன்னால் ஒரு பட்டியல்

கல்யாணம் முடிந்து பரிசுப் பொட்டலங்களைப் பிரிக்கிற வீட்டில் சுவர்க் கடிகாரம் ஒன்றோடு நிற்பது அபூர்வம். ஹாட் பாக்ஸ், டின்னர் செட், குத்துவிளக்கு எல்லாம் அப்படித்தான். நாலு கடிகாரம் வந்த அதே வீட்டில், தனிக்குடித்தனம் போன முதல் வாரமே கொடிக்கயிறு, குப்பைக்கூடை, சல்லடை, வாளி என்று ஒவ்வொன்றாகக் காசு கொடுத்து வாங்குவார்கள். பரிசு கொடுத்தவர்களிடம் அன்புக்கும் குறைவில்லை, பணத்துக்கும் குறைவில்லை. அந்த வீட்டுக்கு என்ன வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. மணமக்கள் இருவரும் கல்யாணத்துக்கு முன்பே உட்கார்ந்து, தேவையானதை எழுதி வைத்துக்கொண்டு, "என்னப்பா வாங்கித் தரட்டும்?" என்று கேட்கிற நெருங்கியவர்களிடம் காட்டுவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை என்பது என் கட்சி. அமெரிக்காவில் 1924-ல் சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட்ஸ் கடை இப்படியொரு பட்டியலை மணப்பெண்களுக்காகத் தொடங்கிவைத்தது. கடைக்காரருக்கு அதில் வியாபார லாபம் இருந்தது. நம் ஊரில் அதற்குக் கடையே தேவையில்லை, நோட்டில் ஒரு பக்கம் போதும்.

பட்டியல் நமக்கு அந்நியமான சங்கதி என்று யாரும் சொல்ல முடியாது. மண்டப வாசலில் மேசை போட்டு, பெயர், ஊர், தொகை என்று வரி வரியாக எழுதும் மொய் நோட்டைவிடக் கறாரான பட்டியல் வேறு எது? புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக நடக்கிறது. அங்கே அது வட்டியில்லாக் கடன் வாங்கித் தொழில் தொடங்கும் ஏற்பாடு. எங்கள் வேலூர்ப் பக்கம் அந்த அளவுக்கு இல்லையென்றாலும், வாங்கியதைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற கணக்கு எல்லா வீட்டிலும் உண்டு. அரசாங்கமும் பட்டியல் போடுகிறது. இந்து சமய அறநிலையத் துறை ஏழை ஜோடிகளுக்குக் கோயில்களில் நடத்திவைக்கும் கல்யாணங்களில் 4 கிராம் தங்கத் தாலியோடு கட்டில், மெத்தை, பீரோ, மிக்ஸி, பாத்திரங்கள் என்று சீர்வரிசை தரப்படுகிறது. யாரோ ஓர் அதிகாரி ஒரு புதுக் குடித்தனத்துக்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்து எழுதியிருக்கிறார், நல்ல காரியம். நூற்றுக்கணக்கான ஜோடிகளுக்கு ஒரே பட்டியல்தான் போட முடியும், நாகர்கோவிலுக்கும் காட்பாடிக்கும் அதே பீரோதான். ஆனால் தாய்மாமனுக்கும் கூட வேலை செய்யும் நண்பனுக்கும் அந்தக் கட்டாயம் இல்லையே.

பாத்திரக் கடையில் நடப்பதைக் கொஞ்சம் கவனிக்கலாம். எவர்சில்வர் அண்டாவையோ குடத்தையோ விலை பேசி முடித்ததும், "பேர் வெட்டணுமா சார்?" என்று கேட்பார்கள். வெட்டுபவர் பாத்திரத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, கையிலிருக்கும் மெஷினின் ஊசிமுனையைத் தகட்டில் வைத்ததும் விர்ரென்ற சத்தம் எழும். புள்ளி புள்ளியாக 'அன்பளிப்பு' விழும், கீழே பெயர், அதற்குக் கீழே ஊர், கடைசியில் தேதி. அத்தனையும் சில நிமிட வேலை. அந்த நிமிடத்தோடு அந்தப் பாத்திரத்தை மாற்றிக்கொள்ளும் வழி அடைபட்டுப் போகிறது. ஒரே அளவில் மூன்று குடம் வந்துவிட்டதே, இரண்டைக் கொடுத்துவிட்டு ஒரு குக்கர் வாங்கலாம் என்றால், பெயர் வெட்டியதை அதே விலைக்கு எந்தக் கடை திருப்பி எடுக்கும்? பழைய எவர்சில்வர் எடைக்குத்தான் போகும். இந்தப் பழக்கத்தை நான் கிண்டல் செய்யவில்லை. முப்பது வருஷம் கழித்தும் பரணிலிருந்து இறங்கும் தூக்குச்சட்டியைப் பார்த்து, இது இன்னார் வைத்தது என்று பேத்திக்குச் சொல்ல முடிகிறது. பெயர் வெட்டட்டும், எதில் வெட்டுவது என்பதை முன்பே கேட்டுவிட்டு வெட்டட்டும்.

சரி, கேட்டால் என்ன சொல்வது? இங்கேதான் ஊர் முக்கியமாகிறது. வேலூர் வெயிலைத் தமிழ்நாட்டுக்கே அறிமுகம் செய்ய வேண்டியதில்லை, கோடையில் நூறு டிகிரி தாண்டிய ஊர்களின் பட்டியலில் அது இடம்பெறாத வருஷம் இருக்காது. ஆகவே வேலூரை ஒட்டிய காட்பாடியில் குடித்தனம் தொடங்குபவர்களின் பட்டியலில் முதல் வரி மின்விசிறிதான். சாதாரணச் சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த ஃபேனுக்குச் சுமார் 30 வாட் போதும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் முதலாவது 54 யூனிட், இரண்டாவது 22 யூனிட். இரண்டு அறையில் இரண்டு பழைய வகை ஃபேன் ஓடினால் அவை மட்டுமே 108 யூனிட், அதாவது வீட்டு இணைப்புக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் 100 யூனிட்டை ஃபேனே தின்று தீர்த்துவிடும். வாடகைக்காரருக்குச் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீட்டுக்காரர்களும் உண்டு, அங்கே மிச்சம் இன்னும் கூடும். ஆனால் பி.எல்.டி.சி. ஃபேன் விலை அதிகம் என்பதால், முன்பணம் கொடுத்துக் கை வறண்டிருக்கும் புது ஜோடி மலிவான ஃபேனைத்தான் வாங்கும். வாங்கும்போது கனமாகவும் உழைக்கும்போது சிக்கனமாகவும் இருக்கிற இப்படிப்பட்ட பொருள்தான் பரிசுக்கு ஏற்றது. நாலு நண்பர்கள் சேர்ந்தால் இரண்டு ஃபேன் வந்துவிடும், வீடு மாறும்போது கழற்றியும் கொண்டுபோகலாம்.

அடுத்தது தண்ணீர். பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு தண்ணீரைப் பற்றி யோசிக்காமல் வீட்டுச் சாமான் வாங்குவது விவரமில்லாத வேலை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் பதனிடும் வட்டாரத்தின் கழிவு நிலத்தடி நீரை எப்படிக் கெடுத்தது என்பது உச்ச நீதிமன்றம் வரை போய், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்து 1996-ல் தீர்ப்பான வழக்காகச் சட்டப் புத்தகங்களில் இடம்பிடித்துவிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் அந்தத் தீர்ப்பால் உறுதிப்பட்டது. குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருவிலும் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவப் பல வீடுகளுக்கு போர் தண்ணீர்தான். உப்பு அதிகமான தண்ணீரில் கீசரின் ஹீட்டிங் காயிலில் சுண்ணாம்பு படியும், படியப் படியக் கரண்ட் கூடும், கடைசியில் காயில் போய்விடும். ஆகவே கீசர் பரிசளிப்பவர், அதை மாட்டப்போகும் வீட்டில் என்ன தண்ணீர் வருகிறது என்று கேட்டுவிட்டு, கடினநீருக்கென்று உட்பக்கம் கண்ணாடிப் பூச்சு கொடுத்ததை வாங்குவது நல்லது. ஆர்.ஓ. மெஷினும் அப்படியே: மெஷினை வாங்கித் தருபவர் வருஷா வருஷம் ஃபில்டர் மாற்றும் செலவைத் தரப்போவதில்லை. கேன் தண்ணீரோடு சமாளித்துக்கொள்ளும் ஜோடிக்கு அது பரிசாக வந்த செலவு.

பாத்திரத்துக்கும் இந்த உப்புக் கணக்கு பொருந்தும். நல்ல எவர்சில்வரா என்று பார்க்கக் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பது நம்மவர் வழக்கம். நிக்கல் கூடிய 304 ரகமும் காந்தத்தில் ஒட்டாது, நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான 202 ரகமும் பொதுவாக ஒட்டாது. அந்தச் சோதனையால் தரம் தெரியாது. உப்புத் தண்ணீரில் மலிவு ரகம் சீக்கிரம் புள்ளி விழுந்து துருவேறும், அப்போதுதான் தெரியும். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2024-ல் ஆணை போட்டிருப்பதால், முத்திரையைப் பார்த்து வாங்குவது காந்தத்தைவிட நம்பகமான வழி. இன்டக்‌ஷன் அடுப்புக்கு மட்டும் கதை தலைகீழ், காந்தம் ஒட்டும் அடிப்பாகம் இருந்தால்தான் சூடேறும். ஒருவர் இன்டக்‌ஷன் அடுப்பும் இன்னொருவர் அதில் வேலை செய்யாத பாத்திர செட்டும் பரிசளிப்பது, பட்டியல் இல்லாத கல்யாணங்களில் நடக்கக்கூடிய விபத்து.

இந்த வட்டாரத்துக்கே உரிய வேறு இரண்டு சங்கதிகளும் உண்டு. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெண்களே அதிகம். விடியற்காலையில் கம்பெனி பஸ் பிடித்துச் சாயங்காலம் திரும்பும் மணப்பெண்ணுக்கு ஆறு பேர் டின்னர் செட்டால் என்ன பயன்? அவளுக்கு வேண்டியது இரண்டு நல்ல டிபன் பாக்ஸ், கசியாத தண்ணீர் பாட்டில், சீக்கிரம் வேகவைக்கும் மூன்று லிட்டர் குக்கர், ஒரு வாரத்து மாவை வைக்கும் பாத்திரம். மாமியார் வீட்டோடு இருக்கப் போகிறவள் என்றால் கிரைண்டரே வேண்டாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவசத் திட்டத்தில் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் மூன்றும் லட்சக்கணக்கான வீடுகளுக்கு வந்துவிட்டன. இன்னொன்று காட்பாடி ஜங்ஷன். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே ரயில் நிற்கிற ஊரில், கல்யாணத்துக்கு அடுத்த மாதமே வேலைக்காகப் பெங்களூர் போய் இரண்டாம் மாடி வாடகை வீட்டில் குடியேறும் ஜோடிகள் எத்தனையோ. இரும்பு பீரோ அவர்களோடு போகாது. அம்மா வீட்டு ஹாலில் பழைய சேலையால் மூடி நிற்கும்.

இதற்கெல்லாம் பணமாகவே மொய் வைத்துவிட்டால் தீர்ந்ததே என்று ஒருவர் கேட்கலாம். வலுவான கேள்விதான், பெரும்பாலான விருந்தாளிகளுக்கு நானும் அதையே சொல்வேன். தூரத்து உறவும் தெருக்காரரும் பொருள் தேடி அலைய வேண்டாம், 501-ஓ 1001-ஓ கவரில் போட்டால் போதும். ஆனால் மொய்ப்பணம் பெரும்பாலும் பெற்றோர் கைக்குப் போகிறது. மண்டப வாடகைக்கும் சமையல்காரர் பாக்கிக்கும் கொடுத்தபின் மிஞ்சினால்தான் மணமக்களுக்கு. பந்தி போட்டவர் மொய்யை எடுத்துக்கொள்வது நியாயம், குறை சொல்ல ஒன்றுமில்லை. குடித்தனத்துக்கென்று ஏதாவது போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிற பத்திருபது நெருங்கியவர்களுக்குத்தான் பட்டியல். அதில் நூறு ரூபாய்ச் சாமானும் இருக்க வேண்டும், நாலாயிரம் ரூபாய்ச் சாமானும் இருக்க வேண்டும். குப்பைக்கூடையையும் கொடிக்கயிற்றையும் எழுத வெட்கப்பட்டால் வசதி குறைந்த உறவினருக்கு எடுக்க எதுவும் இருக்காது.

கேட்டு வாங்குவது கேவலம் என்பவர்களுக்குப் பதில் எளிது. பட்டியலைப் பத்திரிகையில் அச்சடிக்கவும் வேண்டாம், வாட்ஸ்அப் குரூப்பில் போடவும் வேண்டாம். கேட்டவருக்குக் காட்டினால் போதும். அத்தை பத்துப் பவுன்காரி, அவளிடம் போய்ச் சல்லடை கேட்பதா என்று அம்மா முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், அத்தை சிரித்துக்கொண்டே வாங்கித் தருவாள்.

மூன்றாவது ஆட்சேபத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது: இது வரதட்சணைக்கு இன்னொரு வாசல் திறந்துவிடாதா? திறக்கக்கூடும். மாப்பிள்ளை வீட்டார் கையில் பட்டியல் என்ற சொல் கிடைத்தால் அது எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியும். 1961-ம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டம், யாரும் கேட்காமல் கொடுத்த பரிசுக்கு மட்டுமே விலக்குத் தருகிறது. பெண் வீட்டார் கொடுப்பது வழக்கத்துக்கு உட்பட்டதாகவும் அவர்கள் வசதிக்கு மீறாததாகவும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வரதட்சணை வாங்கினால் குறைந்தது ஐந்து வருஷச் சிறை. முஸ்லிம் திருமணத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மஹரை இந்தச் சட்டம் வரதட்சணையாகக் கொள்வதில்லை, ஆனால் ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பெண் வீட்டிலிருந்து வண்டியில் இறங்கும் கட்டிலும் வாஷிங் மெஷினும் மஹர் ஆகாது. ஆகவே கோடு தெளிவாக இருக்க வேண்டும்: பட்டியலை எழுதுபவர்கள் மணமக்கள் இருவரும் சேர்ந்து, பெரியவர்கள் அல்ல. அது எந்தக் காரணத்தாலும் சம்பந்தி வீட்டுக்குப் போகக் கூடாது. தங்கம், வண்டி, பெரிய மெஷின் எதுவும் அதில் ஏறக் கூடாது. இந்த மூன்றுக்கும் ஒத்துக்கொள்ளாத குடும்பத்தில் பட்டியலே வேண்டாம், நாலு கடிகாரம் வரட்டும்.

அதே சட்டத்தின் கீழ் 1985-ல் வந்த விதிகள், பலரும் அறியாத ஒரு வேலையை மணமக்களுக்கு வைத்திருக்கின்றன. பெண்ணுக்கு வந்த பரிசுகளைப் பெண்ணும், மாப்பிள்ளைக்கு வந்தவற்றை மாப்பிள்ளையும் தனித்தனியே எழுதி வைக்க வேண்டும். பொருள் என்ன, சுமாரான மதிப்பு எவ்வளவு, கொடுத்தவர் யார், உறவென்றால் என்ன முறை என்று குறித்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பெண்ணுக்கு வந்த பொருள் பெண்ணுக்கே சொந்தம், கணவன் வீட்டில் இருப்பதால் அது அவர்களுடையது ஆகிவிடாது என்று அதே 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னால் தகராறு என்று வந்தால், எது யாருடையது என்று காட்ட அந்தக் கையெழுத்திட்ட தாள் உதவும். தேவைகளை எழுதிய நோட்டில் எதிர்ப்பக்கம் காலியாகத்தான் இருக்கும். பொட்டலம் பிரிக்கும் நாளன்று, மொய் எழுதிய சித்தப்பாவையே பக்கத்தில் உட்கார வைத்து, வந்த பொருளையும் கொடுத்தவர் பெயரையும் முறையையும் அங்கேயே எழுதிக்கொண்டால் இரண்டு வேலையும் ஒரு நோட்டில் முடியும்.