காலையில் மட்டும் மக்கர்

மண்டைக்காடு புதூர்க் கடற்கரையில் விடியலுக்கு முன் போய் நின்றால், வள்ளத்தில் மோட்டார் எடுப்பதைப் பார்க்கலாம். கயிற்றைச் சுண்டி இழுத்து முதலில் பெட்ரோலில் ஓடவிடுவார்கள். மோட்டார் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஆறிக்கிடக்கும் எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது, ஆவியாகாதது பற்றாது. இது அவர்களுக்குக் கைப்பழக்கம்.

காரிலும் இதே கதைதான். பெட்ரோல் மண்ணெண்ணெயைவிட எளிதில் ஆவியாகும் என்றாலும், ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினில் ஒரு பங்கு உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்டக் கூடுதலாக விட வேண்டும். கார்புரேட்டர் காலத்தில் சோக்கை இழுத்தோம். இப்போது ஈசியூ என்ற எஞ்சின் கம்ப்யூட்டர் அதைப் பார்த்துக்கொள்கிறது. எவ்வளவு கூட்டுவது என்று முடிவெடுக்க, கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார் என்ற விரல் நீளச் சாமானைத்தான் அது நம்பியிருக்கிறது.

நம்ம ஊரில் என்ன குளிர் என்று கேட்கலாம். மார்கழி விடியலில்கூட இங்கே 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனால் ஓடும் எஞ்சினின் சூடு 80, 90 டிகிரி. அதற்கு 25 டிகிரியும் குளிர்தான்.

எங்கள் வீட்டு வண்டி போன வருஷம் படாதபாடு படுத்தியது. செல்ஃப் நன்றாக அடிக்கும், வண்டி பிடிக்காது. நாலைந்து தடவை அடித்தால் குலுங்கிக்கொண்டு பிடிக்கும், பின்னால் பெட்ரோல் வாடை வீசும். ஒரு வொர்க்‌ஷாப்பில் பிளக் நாலையும் மாற்றினார்கள். இரண்டு வாரம் தங்கமாக ஓடியது, மறுபடி பழைய குருடி கதவைத் திறடி. அடுத்து பேட்டரி, அதற்கடுத்து பெட்ரோல் பம்ப். போன பணம் போகட்டும். ஒருவர்கூட மீட்டரை எடுத்து அளந்து பார்க்கவில்லையே என்பதுதான் இன்றும் ஆறவில்லை.

கடைசியாகப் போய் நின்றது வயதான ஒரு மெக்கானிக்கிடம். “ராத்திரி வண்டிய இங்க விட்டுட்டுப் போ மக்கா. காலைல நான் வாறதுக்கு முன்ன யாரும் சாவியத் தொடப்பிடாது” என்றார்.

காலையில் எஞ்சினை எடுக்காமல் சாவியை மட்டும் திருப்பி, ஸ்கேனரை மாட்டினார். உள்ளே போகும் காற்று 26 டிகிரி. கூலண்ட் 9 டிகிரி. இரவெல்லாம் ஒரே கொட்டகையில் கிடந்த வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். “மண்டைக்காட்டுல எந்தக் காலத்துல மக்கா 9 டிகிரி அடிச்சுது?” என்று கேட்டார்.

சென்சார் போய்விட்டது, மாற்றிவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். அவர் கழற்றி மல்டிமீட்டரை வைத்தார். சூடு ஏற ஏற இந்தச் சென்சாரின் மின்தடை குறையும். பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம். 80 டிகிரியில் 300 சொச்சம். 100 டிகிரியில் 200-க்கும் கீழே. எங்கள் சென்சார் 2,000 காட்டியது. அன்றைய காற்றுக்கு அது சரி. பிறகு அதன் பித்தளை முனையை மட்டும் கொதிக்கும் வெந்நீரில் முக்கினார். கடல்மட்டத்து ஊர் என்பதால் கொதிநீர் 100 டிகிரி என்று நம்பலாம். எண் மளமளவென்று இறங்கி 190-ல் நின்றது. சென்சாரில் பழுதில்லை.

பழுது கனெக்டரில் இருந்தது. ரப்பர் உறையை விலக்கியதும் தெரிந்தது: உள்ளே பின் இரண்டிலும் பச்சைக் களிம்பு. உப்புக்காற்றின் வேலை. அந்தக் களிம்பு 2,000 ஓம் போலக் கூடுதல் தடையாக நடுவில் உட்கார்ந்துகொண்டது. ஆறிய எஞ்சினை அது 9 டிகிரி என்று காட்டியது. நன்றாகச் சூடான எஞ்சினையும் இருபது சொச்சம் என்றே காட்டியது. ஈசியூ நாள் முழுக்கப் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி விட்டது. பிளக்கில் கரி படிந்தது. கரி படிந்த பிளக் காலையில் தீப்பொறி விடத் திணறியது. புதுப் பிளக் இரண்டு வாரம் மட்டும் உழைத்ததற்குக் காரணம் இதுதான். வயர் முழுக்க அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ ஈசியூ கோளாறு எண்ணைப் பதிந்து விளக்கைப் போட்டிருக்கும். இது நடக்கக்கூடிய எல்லைக்குள் இருந்த பொய் என்பதால் விளக்கு எரியவே இல்லை. டாஷ்போர்டில் சூடு காட்டும் முள்ளும் சரியாகவே நின்றது. பழைய மாடல்கள் பலவற்றில் அந்த முள்ளுக்குத் தனிச் சென்சார் உண்டு.

கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சின்னப் பிரஷ்ஷால் தேய்த்து, பின்னுக்குரிய கிரீஸை மெலிதாகத் தடவி மாட்டினார். மறுநாள் கூலண்ட் 26, காற்று 26.

இந்தக் கரையோரத்தில் கார் வைத்திருப்பவர்கள், சர்வீஸில் எஞ்சின் மேல் தண்ணீரைப் பீய்ச்ச விடாதீர்கள். உப்பை ரப்பருக்குள் தள்ளுவது அதுதான். நீங்களே சென்சாரைக் கழற்றிப் பார்ப்பதானால் எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு கை வையுங்கள். சூட்டோடு திறந்தால் கூலண்ட் முகத்தில் அடிக்கும்.