மரமேடைமீது கணப்படுப்பு: சுமைதாங்கும் ஆற்றலை மதிப்பிடல் பற்றிய ஒரு நோக்கு

ஒரு கட்டடத்தின் பாதுகாப்பு அதன் தோற்றத்திலன்றி, அதன் சுமை எவ்வழியாக நிலத்தைச் சென்றடைகின்றது என்பதிலேயே தங்கியுள்ளது. பொறியியல் மாணவர் முதலாண்டிலேயே கற்கும் இவ்வுண்மை, வீட்டுக் கட்டட நடைமுறையில் மிக எளிதாக மறக்கப்பட்டுவிடுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் வீடுகளின் பின்புறத்தே அமைக்கப்படும் 'டெக்' என்னும் மரமேடையும், அதன்மீது ஏற்றப்படும் கணப்படுப்பும் புகைபோக்கியும் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். எமது மலைநாட்டுப் பழைய பங்களாக்களிற் கணப்படுப்பைக் கண்டோர், அது நிலத்திலிருந்தே கட்டியெழுப்பப்படுவதொன்று என்றே எண்ணுவர். நாம் இங்கு நோக்குவது நிலத்தைத் தொடாது மரச்சட்டங்களின்மேல் நிற்கும் அடுப்பையாகும்.

மேடையின் அமைப்பு எளிமையானது. வீட்டுச் சுவரோடு ஒரு தாங்குபலகை பொருத்தப்படும். எதிர்ப்புறத்தே தூண்களின்மேல் ஒரு விட்டம் கிடக்கும். இவ்விரண்டிற்கும் இடையே தீராந்திகள் ஓடும். அவற்றின்மேல் தளப்பலகைகள் அறையப்படும். இத்தகைய மேடை சதுர அடிக்கு 40 இறாத்தல், அதாவது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 195 கிலோகிறாம் பயன்பாட்டுச் சுமையைத் தாங்கவேண்டுமென்பது அமெரிக்க வீட்டுக் கட்டட விதிக்கோவையின் நியதி. மனிதரையும் கதிரை மேசைகளையும் எண்ணி வகுக்கப்பட்ட சுமை இது. அவர்கள் வருவர், போவர். ஓரிடத்திலேயே குவிந்து நிற்பதுமில்லை.

இனி ஒரு செங்கற் கணப்படுப்பை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்பகுதி 1.5 மீற்றர் நீளமும் 0.9 மீற்றர் அகலமும் 1.5 மீற்றர் உயரமும் கொண்டது எனவும், அதில் மூன்றிலொரு பங்கு வெற்றிடம் எனவும் கொள்வோம். செங்கற்கட்டு கன மீற்றருக்கு 1900 கிலோகிறாம் எனக் கொள்ளின், இப்பகுதியின் நிறை ஏறத்தாழ 2.6 தொன். அதன்மேல் 0.6 மீற்றர் சதுரமாய், நடுவே 0.3 மீற்றர் சதுரத் துளையுடன் 3 மீற்றர் உயரும் புகைபோக்கி மேலும் 1.5 தொன். ஆக மொத்தம் 4.1 தொன். இது வெறும் 1.35 சதுர மீற்றர் பரப்பில் இறங்குகின்றது. விதிக்கோவை கருதிய சுமையிலும் இது 15 மடங்குக்கு மேற்பட்டதாகும். வேறுவகையிற் கூறின், 12 சதுர மீற்றர் மேடை முழுவதும் மக்கள் நிறைந்து நிற்பினும் கணக்கிற் கொள்ளப்படும் சுமை 2.3 தொன் மாத்திரமே. வீட்டுக்காரர் இதனைப் பெரும்பாலும் 'ஓர் அலங்காரம்' என்றே கருதுகின்றார்!

சுமையின் அளவு மட்டுமன்று, அது நீடிக்கும் காலமும் முக்கியமானது. உருக்கினின்றும் மரம் வேறுபடும் இடம் இது. ஒரு கணம் வீசும் காற்றுக்கு ஈடுகொடுக்கும் மரம், அதேயளவு சுமையைப் பல்லாண்டுகள் சுமக்கமாட்டாது. ஆகவேதான் அமெரிக்க மரக்கட்டட வடிவமைப்பு விதிகள், பத்தாண்டுச் சுமைக்குரிய வலிமையை 1 எனக் கொண்டு, காற்றுக்கு அதனை 1.6 ஆக உயர்த்தவும் நிரந்தரச் சுமைக்கு 0.9 ஆகக் குறைக்கவும் செய்கின்றன. ஈரமரத்திலோ, நிரந்தரச் சுமையால் முதலில் ஏற்படும் வளைவு காலப்போக்கில் இருமடங்காகுமெனக் கணக்கிடுவது வழக்கு. மேடை தாழுமிடத்துச் செங்கற்கட்டு அதனோடு இணங்கி வளையாது, வெடிக்கும். புகைபோக்கியின் உட்குழாயில் வெடிப்பு ஏற்படின், வெப்பமும் தீப்பொறியும் மரத்தை நாடும். இவ்வாறு தாங்குதிறன் பற்றிய வினா தீ பற்றிய வினாவாகவும் மாறுகின்றது. சில விதிவிலக்குகள் நீங்கலாக, செங்கற்கட்டின் நிரந்தரச் சுமையை மரம் தாங்கலாகாதென விதிக்கோவை தடுப்பதும், புகைபோக்கிக்கு 12 அங்குலத்திற்குக் குறையாத தடிப்புள்ள கொங்கிறீற்று அல்லது செங்கல் அத்திவாரத்தை வேண்டுவதும் காரணமின்றியன்று.

தொழிற்சாலையிற் செய்யப்பட்ட உலோகக் கணப்படுப்பாயின் நிலைமை வேறு. அதன் நிறை சில நூறு கிலோகிறாம் மட்டுமே. ஆயினும் நிறை குறைந்தமையால் ஆபத்தும் குறைந்ததெனக் கொள்ளல் தவறு. உலோகக் குழாயை மறைக்க 1.2 மீற்றர் அகலமும் 4 மீற்றர் உயரமுமான மரக்கூடு ஒன்று எழுப்பப்படுகின்றது எனக் கொள்வோம். சதுர மீற்றருக்கு 1 கிலோநியூற்றன் காற்றழுத்தம் அதன்மேல் 4.8 கிலோநியூற்றன் விசையைச் செலுத்தும், அடித்தளத்திலே 9.6 கிலோநியூற்றன் மீற்றர் திருப்பம் தோன்றும். கூட்டின் ஆழம் 0.9 மீற்றராயின் ஒருபுறம் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட விசை கீழ்நோக்கியும், மறுபுறம் அதேயளவு மேல்நோக்கியும் தொழிற்படும். மேல்நோக்கும் இவ்விசையைத் தடுத்து நிறுத்தக் கூட்டின் சொந்த நிறை போதாது. போல்ற்றுகளும் உலோகப் பட்டிகளுமே அதனைச் செய்தல் வேண்டும்.

மதிப்பிடுபவர் இக்கணக்குகளை மேசையிலிருந்தே செய்துவிடலாம். கடினமானது பிறிதொன்று. சுமையில் ஒரு பங்கு சுவரோடிணைந்த தாங்குபலகை வழியாகவே வீட்டினுட் செல்கின்றது. அவ்விணைப்பு ஆணிகளால் ஆனதா, போல்ற்றுகளால் ஆனதா? இழுவிசையாற் கழன்றுவரக்கூடிய ஆணிகளை மட்டும் நம்பி இவ்விணைப்பைச் செய்தலாகாது என்பது விதி. அதன்மேல் நீர்தடுப்புத் தகடு உண்டா? இல்லையெனின் மழைநீர் பலகைக்கும் சுவருக்கும் இடையே தேங்கும். மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 வீதத்திற்குள் இருக்கும்வரை பூஞ்சணம் அதனை உளுக்கச்செய்யாது; 30 வீதத்தை அணுகின் அழிவு விரைவுறும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆசனிக்குக் கலந்த பாதுகாப்புமருந்து 2003 இறுதியுடன் அமெரிக்க வீட்டுப் பாவனையிலிருந்து விலக்கப்பட்டபின், அதனிடத்தை நிரப்பிய செப்பு மிகுந்த மருந்துகள் உருக்கை முன்னையதிலும் கூடுதலாக அரிக்கவல்லவை. நாகமுலாம் தக்கவாறு பூசப்படாத ஆணி, மரம் நல்ல நிலையில் இருக்கும்போதே அழிந்துவிடலாம். வெளியே தெரியும் ஆணித்தலையைக் கொண்டு உள்ளிருக்கும் தண்டை அறிதல் இயலாது. ஒரு பலகையேனும் பெயர்க்கப்படாமல், கூரிய கருவியால் மரம் குத்திப் பார்க்கப்படாமல் வழங்கப்படும் சான்றிதழை நாம் மதிப்பீடு எனக் கொள்ளோம்.

இவ்விடத்து இரு நிகழ்ச்சிகளைக் குறிப்பிடல் தகும். இவற்றிற் கணப்படுப்பு எதுவும் சம்பந்தப்படவில்லை, மனிதரே சுமை. சிக்காகோவில் 2003 யூன் 29 இல் ஒரு வாடகைக் கட்டடத்தின் மரமேடைகள் இடிந்து 13 பேர் மாண்டனர். கூட்டம் மிகுந்தமையே காரணமென முதலில் பேசப்பட்டது. அமைப்பே உரிய அனுமதியின்றியும் போதிய தாங்கிகளின்றியும் கட்டப்பட்டதென்ற குற்றச்சாட்டை நகர நிர்வாகம் பின்னர் முன்வைத்தது. கலிபோர்ணியாவின் பேர்க்லியில் 2015 யூன் 16 இல் மாடமொன்று ஒடிந்து ஆறு இளைஞர் உயிரிழந்தனர், எழுவர் காயமுற்றனர். கட்டடத்தின் வயது எட்டாண்டுகளே. சுவரினின்று நீண்ட மரச்சட்டங்களோ உளுத்திருந்தன. அங்கும் மாண்டோரின் கொண்டாட்டமே முதலிற் பேசுபொருளாயிற்று. சுவருக்குள் இருந்த உளுப்பை, வாடகைக்கிருந்தோர் எங்ஙனம் கண்டிருக்க முடியும்? சுவரைத் திறந்து பார்க்கும் உரிமை அவர்களுக்கில்லை. திறக்கும் உரிமையுடையோருக்கோ அதன் அவசியம் தோன்றவில்லை.

இவ்விழப்பின் பின்னர், 2018 இல் கலிபோர்ணியா ஒரு சட்டம் இயற்றியது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் கொண்ட கட்டடங்களின் உயர்ந்த மரமேடைகளும் மாடங்களும் ஆறாண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதிக்கப்படல் வேண்டும் என்பது அதன் சாரம். தனிவீடுகள் அச்சட்டத்துள் அடங்கா. கணப்படுப்புகள் ஏற்றப்படுவதோ பெரும்பாலும் தனிவீட்டு மேடைகளின்மீதே. மேடையைக் கட்டியவர் ஒருவர், கணப்படுப்பை வாங்கி வைத்தவர் மற்றொருவர், இன்று அதில் வாழ்பவர் மூன்றாமவர் என்ற நிலையில் வரைபடம் எவரிடமும் இருப்பதில்லை.

பரிசோதனையிற் குறை காணப்படின் செய்யத்தக்கவை சிலவே. தளத்தைத் துளைத்து, மேடையோடு தொடர்பின்றித் தனிக் கொங்கிறீற்று அத்திவாரத்தின்மேல் கணப்படுப்பை நிறுத்தலாம். உறைபனி மண்ணை உயர்த்தும் பிரதேசங்களில் அவ்வத்திவாரம் உறைநிலை ஆழத்துக்குக் கீழே செல்லவேண்டும். அன்றிச் செங்கலை அகற்றி உலோக அமைப்பொன்றைப் புதிய தூண்களின்மேல் ஏற்றலாம். தீராந்திகளுக்கிடையே மேலும் சில பலகைகளைச் சேர்த்தறைவதே வீட்டுக்காரர் பெரிதும் விரும்பும் மலிவான வழி. ஆனால் அது தீராந்திகளை மாத்திரமே வலுப்படுத்தும். அதே நான்கு தொன் அதே தாங்குபலகையிலும் அதே ஆணிகளிலுமே தொடர்ந்து தங்கியிருக்கும்.