பொருள் போன வீட்டில் மானமும் போகலாமா?

 

களவு பெரும்பாவம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். களவெடுத்தவனைப் பற்றிப் பல உரைகளைக் கேட்டும் இருக்கிறோம். ஆனால், களவு கொடுத்தவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பது பற்றி அரிதாகவே பேசப்படுகிறது. பல வீடுகளில் கள்வன் கொண்டு சென்றது ஒரு சங்கிலி அல்லது ஒரு தொலைபேசி மாத்திரமே. அதன் பின்னர் வீட்டார் தம் நாவினால் ஓர் அயலவரின் மானத்தையும், ஓர் ஏழைப் பணிப்பெண்ணின் பிழைப்பையும், சில வேளை தம் சொந்தப் பிள்ளையின் உள்ளத்தையும் பறித்துவிடுகின்றனர். போன பொருள் திரும்பி வரலாம். போன மானம் இலகுவில் திரும்புவதில்லை. ஆகவே, களவு நிகழ்ந்த பின் நமது கடமை யாது என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம்.

பிள்ளையின் பொருள் காணாமற் போனால்

பாடசாலை சென்ற பிள்ளை பென்சில் பெட்டியோ தண்ணீர்ப் போத்தலோ இன்றி வீடு திரும்புகிறது. பெரியவர்களுக்கு இது அற்ப விடயம். பிள்ளைக்கோ இது பெரிய இழப்பு. இவ்வேளையில் சில பெற்றோர், "உனக்குக் கவனமில்லை" என்று அழுகின்ற பிள்ளையையே அடிக்கின்றனர். அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை உண்மையைக் கூறாது மறைக்கும். வேறு சிலர், "இன்னாரின் மகன்தான் எடுத்திருப்பான்" என்று உடனே ஒரு பெயரைக் கூறிவிடுகின்றனர். கண்ணால் காணாததை ஒருவர் மீது சுமத்தலாம் என்ற பாடத்தை அப்பிள்ளை அன்று தன் வீட்டிலேயே கற்றுக்கொள்கிறது. சந்தேகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்ந்துகொள்ளுமாறும், அவற்றுட் சில பாவமாகும் என்றும் ஸூரத்துல் ஹுஜுராத் (49:12) நம்மை எச்சரிக்கிறது.

எனவே, முதலில் பிள்ளையின் துயரைச் செவிமடுங்கள். மறந்து வைத்ததா, இரவல் கொடுத்ததா, விழுந்ததா என்று அமைதியாகக் கேளுங்கள். பின்னர் வகுப்பாசிரியரிடம் தனிமையில் தெரிவியுங்கள். வகுப்பின் முன்னிலையில் ஒரு பிள்ளையின் பையை மாத்திரம் சோதிக்குமாறு வற்புறுத்தாதீர்கள். பொருட்களில் பெயர் எழுதி அனுப்புவது பல சச்சரவுகளைத் தவிர்க்கும். ஒரே பிள்ளையின் பொருள் அடிக்கடி காணாமற் போனால், யாரேனும் பயமுறுத்திப் பறிக்கிறார்களா என்பதையும் விசாரித்தறிதல் அவசியம்.

நம் பிள்ளையே எடுத்திருந்தால்

இது அதனினும் கடினமான நிலைமை. பிள்ளையின் புத்தகப்பையில் அறிமுகமில்லாத பேனை ஒன்று இருக்கிறது. அல்லது வாப்பாவின் சட்டைப்பையில் காசு குறைகிறது. அவ்வேளையில் ஆத்திரம் பொங்குவது இயல்பே. ஆயினும் நபி (ஸல்) அவர்களின் வழிமுறையைப் பாருங்கள்.

ராபிஃ இப்னு அம்ர் (ரழி) சிறுவராக இருந்தபோது அன்ஸாரிகளின் பேரீச்ச மரங்களுக்குக் கல்லெறிந்தார். அவரைப் பிடித்து நபியவர்களிடம் கொண்டு வந்தனர். ஏன் எறிந்தாய் என்று நபியவர்கள் முதலில் வினவினார்கள். உண்பதற்காக என்றார் சிறுவர். இனிமேல் எறிய வேண்டாம், கீழே விழுந்தவற்றை உண்ணலாம் என்று கூறி, அவரது தலையைத் தடவி, அவரது பசி தீரப் பிரார்த்தித்தார்கள். இச்செய்தி அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. காரணத்தைக் கேட்டல், தவறைத் தடுத்தல், ஆகுமான வழியைக் காட்டுதல், அன்பு காட்டுதல் ஆகிய நான்கும் இச்சிறு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளன.

பிள்ளை எடுப்பதற்குக் காரணங்கள் பல உள. மிகச் சிறிய பிள்ளைக்கு எனது, உனது என்ற வேறுபாடே தெளிவாக இராது. சற்று வளர்ந்த பிள்ளை ஆசையினால் எடுக்கலாம், நண்பர்களுக்கு ஈடுகொடுக்க எடுக்கலாம், பசியினாலும் எடுக்கலாம். காரணத்தை அறியாமல் தரும் தண்டனை, நோயை அறியாமல் தரும் மருந்துக்கு ஒப்பானது. வீட்டின் நியாயமான தேவைகளை நாம் நிறைவேற்றுகின்றோமா என்பதையும் சிந்திக்க வேண்டும். கணவர் போதியளவு செலவுக்குத் தருவதில்லை என்று ஹிந்த் (ரழி) முறையிட்டபோது, தனக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான முறையில் எடுத்துக்கொள்ள நபியவர்கள் அனுமதி வழங்கியமை புஹாரியில் வந்துள்ளது. பிள்ளைகள் கேட்காமல் எடுப்பதற்கு இது அனுமதியாகாது. பொறுப்பாளிகளான நமக்கே இதில் படிப்பினை உண்டு.

எடுத்த பொருளைப் பிள்ளையைக் கொண்டே உரியவரிடம் திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள். நீங்களும் உடன் செல்லுங்கள். செலவழித்திருந்தால் சிறிது சிறிதாக ஈடு செய்ய வழி காட்டுங்கள். அத்துடன் விடயத்தை முடித்துவிடுங்கள். உறவினர் முன்னிலையில் "கள்ளன்" என்று அழைக்காதீர்கள். யூஸுப் (அலை) அவர்களின் சகோதரர்கள், பல்லாண்டுகள் கடந்த பின்னரும் அவர் மீது களவுப் பழியைச் சுமத்திப் பேசியதை அல்குர்ஆன் (12:77) எடுத்துக் கூறுகிறது. சிறு வயதில் ஒட்டப்படும் பெயர் எவ்வளவு நீண்ட காலம் நிலைக்கும் என்பதற்கு இது சான்று.

நமது நாட்டுச் சட்டமும் இவ்விடயத்தில் இரக்கம் காட்டுகிறது. 2018ஆம் ஆண்டு செய்யப்பட்ட தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தின்படி, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் செயல் குற்றமாகக் கொள்ளப்படுவதில்லை. அதற்கு முன்னர் அவ்வெல்லை 8 வயதாக இருந்தது. ஆகவே, கடையில் இனிப்பொன்றை எடுத்த சிறுவனைக் கட்டி வைத்து அடிப்பதற்கும் படம் பிடித்துப் பரப்புவதற்கும் எவருக்கும் உரிமையில்லை.

வீடு உடைக்கப்பட்டால்

வீட்டுக்குத் திரும்பும்போது கதவு உடைந்திருந்தால் உடனே உள்ளே நுழையாதீர்கள். கள்வன் இன்னும் உள்ளே இருக்கக்கூடும். நகையை விட உயிர் பெரிது. அயலவரை அழையுங்கள், 119 என்ற பொலிஸ் அவசர இலக்கத்துக்கு அறிவியுங்கள். பொலிஸார் வரும் வரை அலுமாரியையும் கதவையும் தொடாதிருங்கள், விரலடையாளங்கள் அழிந்துவிடும். போன பொருட்களைப் பட்டியலிட்டு முறைப்பாடு செய்யுங்கள். வங்கி அட்டைகளை உடனே முடக்குங்கள். அடையாள அட்டை போயிருந்தால், புதியதைப் பெறுவதற்கு முறைப்பாட்டுப் பிரதி தேவைப்படும்.

இதற்குப் பின்னரே பெரும் சோதனை ஆரம்பமாகிறது. "யார்?" என்ற கேள்வி வீட்டைச் சூழ்ந்துகொள்கிறது. பணிப்பெண், கூரை திருத்த வந்தவர், வேறு சமூகத்தைச் சேர்ந்த கூலியாள் என்று விரல் எப்போதும் பலவீனரையே சுட்டுகிறது. இவ்விடத்தில் ஸூரத்துன் நிஸாவின் 105ஆம் வசனம் முதல் வரும் வசனங்களை நினைவுகூர வேண்டும். மதீனாவில் ஒரு கவசம் களவு போனது. எடுத்தவன் முஸ்லிம்களுள் எண்ணப்பட்ட ஒருவன். அவனும் அவனது குலத்தாரும் அப்பழியை ஒரு யூதர் மீது போட முனைந்தனர் என விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். அல்லாஹ் வசனங்களை அருளி அந்த யூதரின் நிரபராதித் தன்மையை வெளிப்படுத்தினான். தன் பாவத்தை நிரபராதி மீது எறிபவன் அவதூற்றையும் சுமக்கிறான் என்று அதே தொடரில் (4:112) எச்சரித்தான். நீதிக்கு இனமில்லை, குலமில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

ஆதாரம் காட்டுவது குற்றம் சாட்டுபவரின் கடமையாகும். ஆதாரமின்றி ஒரு பணிப்பெண்ணைக் குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் செய்யுமாறு வற்புறுத்துவதும், அவரது பையைத் தெருவில் கொட்டிச் சோதிப்பதும் அநீதியாகும். சந்தேகத்திற்குக் காரணம் இருந்தால் அதனைப் பொலிஸாரிடம் கூறுங்கள், ஊருக்குக் கூறாதீர்கள்.

இன்னும் சிலர் அஞ்சனம் பார்க்கவும் குறி கேட்கவும் செல்கின்றனர். குறிகாரனிடம் சென்று கேட்பவரின் 40 நாட் தொழுகை ஏற்றுக்கொள்ளப்படாது என்பது முஸ்லிமில் பதிவான ஹதீஸாகும். குறிகாரன் சொல்லும் அடையாளம் எப்போதும் யாரோ ஓர் அப்பாவிக்குப் பொருந்திவிடும். அதனால் குடும்பங்கள் பிரிகின்றன, பொருளோ கிடைப்பதில்லை.

வதந்தியின் விளைவையும் நாம் கண்டிருக்கிறோம். 2011 ஆகஸ்ட் மாதம் 'கிறீஸ் பூதம்' பற்றிய பீதி நாட்டின் பல பகுதிகளிலும் பரவியது. இரவில் நடமாடிய அந்நியர் சந்தேகிக்கப்பட்டுத் தாக்கப்பட்டனர். புத்தளத்தில் ஏற்பட்ட குழப்பத்தில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் உயிரிழந்தார். அன்று வாய்வழி பரவியது, இன்று வட்ஸ்அப் மூலம் சில நிமிடங்களில் பரவுகிறது. கண்காணிப்புக் கமராவில் தெரிந்த ஒரு முகத்தைப் பகிர்வதற்கு முன்னர், அது நம் சகோதரனின் முகமாக இருந்தால் என்ன செய்வோம் என்று எண்ணிப் பாருங்கள்.

சபித்தலும் மன்னித்தலும்

ஆயிஷா (ரழி) அவர்களின் பொருள் ஒன்று களவு போனபோது அவர்கள் கள்வனைச் சபிக்கலானார்கள். அவ்வாறு சபித்து அவனுக்குரிய தண்டனையை இலகுவாக்கிவிட வேண்டாம் என நபியவர்கள் தடுத்தமை அபூதாவூதில் வந்துள்ளது. பொறுமைக்குரிய கூலி நமது நாவினாலேயே குறைந்துவிடக்கூடும்.

கள்வன் பிடிபட்டாலும் தண்டிப்பது நமது வேலையன்று. அது நீதிமன்றத்தின் பொறுப்பாகும். பசியினால் ஒரு தோட்டத்தில் புகுந்து கதிரைக் கசக்கி உண்ட அப்பாத் இப்னு ஷுரஹ்பீல் (ரழி) அவர்களைத் தோட்டக்காரர் அடித்து, ஆடையையும் பறித்துக்கொண்டார். அவர் அறியாதிருந்தபோது நீர் கற்றுக்கொடுக்கவில்லை, பசித்திருந்தபோது உணவளிக்கவுமில்லை என்று நபியவர்கள் தோட்டக்காரரையே கண்டித்தார்கள். ஆடையைத் திருப்பிக் கொடுக்கச் செய்து, உணவுத் தானியமும் வழங்கினார்கள். நமது ஊரில் ஒருவன் பசிக்காகத் தேங்காய் பறித்தால், அதில் நமது ஸகாத் முறைமைக்கும் ஒரு கேள்வி இருக்கிறது.

சகோதர, சகோதரிகளே! ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நமது மார்க்கம். இரவில் அல்லாஹ்வின் பெயர் கூறிக் கதவுகளை மூடுங்கள். கலியாண நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். பயணம் செல்வதை முகநூலில் அறிவிக்காமல், நம்பிக்கையான அயலவரிடம் கூறிச் செல்லுங்கள். இத்தனைக்கும் பின்னர் ஒன்று போனால், "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்று கூறி, நாவைக் காத்துக்கொள்ளுங்கள்.

நமது உடைமைகளையும், நமது நாவுகளிலிருந்து பிறரின் மானத்தையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.