மருத்துவச்சியின் வேலையை இன்னொரு கண் ஏன் பார்க்க வேண்டும்?

மாணவர்களே, முதலில் ஒரு கணக்கு. ஒரு மருத்துவச்சி ஆண்டுக்கு 100 பிரசவம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 30 ஆண்டு வேலை செய்தால் 3,000 பிரசவம். நாடு சுதந்திரம் அடைந்த 1957-இல், மலாயாவில் 100,000 குழந்தைகள் உயிருடன் பிறந்தால் சுமார் 280 தாய்மார்கள் இறந்தார்கள். அந்த விகிதப்படி பார்த்தால், அந்த மருத்துவச்சி தம் பணிக்காலத்தில் எட்டுத் தாய்மார்களின் மரணத்தைக் கண்டிருப்பார்.

இப்போது காலம் மாறிவிட்டது. கோவிட் உச்சத்தில் இருந்த 2021 போன்ற ஆண்டுகளை விட்டுவிட்டால், அண்மைய ஆண்டுகளில் மலேசியாவின் விகிதம் சுமார் 25. அதாவது 4,000 பிரசவத்துக்கு ஒரு மரணம். அதே 3,000 பிரசவம் பார்ப்பவருக்கு வரும் விடை 0.75. ஒரு மரணத்தைக்கூடப் பார்க்காமல் பலர் ஓய்வு பெற்றுவிடுவார்கள்.

நல்ல செய்திதான். ஆனால் இதற்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. “இத்தனை ஆண்டுகள் பார்த்துவிட்டேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே நான் செய்வது சரி” என்று ஒருவர் சொன்னால் நம்பலாமா?

நம்ப முடியாது. ஒரு மருத்துவச்சியின் கவனக்குறைவால் ஆபத்து இருமடங்கு ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 30 ஆண்டுகளில் எதிர்பார்க்கக்கூடிய மரணம் 1.5 மட்டுமே. நிகழ்தகவுக் கணக்குப்படி, அவரைப் போன்ற 100 பேரில் சுமார் 22 பேர் ஒரு மரணத்தையும் காணாமலே பணியை முடித்துவிடுவார்கள். தங்கள் வேலையில் குறை இருந்தது என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

அரிதாக நிகழும் ஆபத்தைத் தனி ஒருவரின் அனுபவம் காட்டிக்கொடுக்காது. அதனால்தான் மருத்துவச்சியின் வேலையைத் தகுதி பெற்ற இன்னொருவர் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குப் பெயர் தொழில்முறை மேற்பார்வை.

நிமிடங்களில் முடியும் ஆபத்து

பிரசவத்தில் அப்படி என்ன ஆபத்து என்று நீங்கள் கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

நிறைமாதத்தில் ஒரு பெண்ணின் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும், கருப்பைத் தசைகள் இறுகச் சுருங்கி இரத்தக் குழாய்களை நெரித்து மூடுகின்றன. குழாயைக் கையால் அழுத்தித் தண்ணீரை நிறுத்துவது போல. தசை சுருங்காமல் தளர்ந்துவிட்டால் இரத்தப்போக்கு நிற்காது. உடலில் இருப்பதே ஐந்தாறு லிட்டர் இரத்தம்தான். உடனே மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்யாவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடலாம்.

இங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. துணியிலும் தரையிலும் பரவிய இரத்தத்தைக் கண்ணால் அளக்கும்போது, குறிப்பாக அதிகம் போயிருக்கும்போது, உண்மை அளவைவிடக் குறைவாகவே மதிப்பிடுகிறோம். அனுபவம் உள்ளவர்களும் இதில் ஏமாறுகிறார்கள். இதைத் திருத்த ஒரு வழி பயிற்சி. சாயம் கலந்த நீரை அளந்து துணியில் ஊற்றி, “இது எவ்வளவு?” என்று கேட்டுச் சோதிக்கிறார்கள். விடை தவறினால் யாரும் தண்டிக்கப்படுவதில்லை. கண் பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். இதுவும் மேற்பார்வையின் ஒரு பகுதிதான்.

கிராமத்துக் கிளினிக்கில் மேற்பார்வை எப்படி நடக்கிறது?

ஜொகூரில் குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி பக்கம் போகும்போது, செம்பனைத் தோட்டங்களுக்கும் பெல்டா குடியேற்றங்களுக்கும் நடுவே ‘கிளினிக் டேசா’ என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். 1950-களில் தொடங்கிய கிராமச் சுகாதாரத் திட்டத்தில் சுமார் 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி, அவருக்குக் கிளினிக்கோடு சேர்ந்த வீடு என்று வகுத்தார்கள். 1970-களில் அந்த அமைப்பை மாற்றி, சுமார் 4,000 பேருக்கு ஒரு கிளினிக் டேசா என்று ஆக்கினார்கள். அங்கிருந்த மருத்துவச்சிகள் கூடுதல் பயிற்சி பெற்றுக் கிராமத் தாதிகள் ஆனார்கள்.

அக்காலத்தில் கிராமங்களில் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் பெரும்பாலும் ‘பிடான் கம்போங்’ எனப்படும் பாரம்பரிய மருத்துவச்சிகள். அரசாங்கம் அவர்களை விரட்டவில்லை. பதிவு செய்தது, சுத்தம் பற்றிப் பயிற்சி கொடுத்தது, அரசாங்க மருத்துவச்சியோடு சேர்ந்து வேலை செய்யச் சொன்னது. போகப் போகப் பிரசவம் பார்ப்பது பயிற்சி பெற்றவர் கைக்கு வந்தது. பிரசவத்துக்குப் பின் உடம்பு பிடித்துவிடுவது, தாய்க்குத் துணை இருப்பது போன்றவை பிடான் கம்போங் கையில் தங்கின. 1966-இல் வந்த மருத்துவச்சிகள் சட்டம், யார் இந்தத் தொழிலைச் செய்யலாம் என்பதைப் பதிவேட்டின் வழி ஒழுங்குபடுத்தியது.

ஆனால் பதிவுச் சான்றிதழ் ஒருவர் தகுதி பெற்ற நாளைத்தான் காட்டும். பத்து ஆண்டு கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் எப்படி வேலை செய்கிறார் என்பதை அது காட்டாது. அதற்காகத்தான் கிராமத் தாதிக்கு மேலே பொதுச் சுகாதாரத் தாதி, அவருக்கு மேலே தலைமைத் தாதி, மருத்துவர் என்று ஒரு சங்கிலி இருக்கிறது. மேலே இருப்பவர் கிளினிக்குக்கு வந்து மூன்று வேலைகளைச் செய்கிறார்.

முதலாவது, சரிபார்ப்பது. இரத்த அழுத்தக் கருவி சரியாக இருக்கிறதா, மருந்துகளின் காலாவதித் தேதி என்ன, கர்ப்பிணிகளின் பதிவுப் புத்தகங்கள் முழுமையாக நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கிறார்.

இரண்டாவது, கற்றுக்கொடுப்பது. வலிப்பு வந்தால் என்ன செய்வது, மூச்சுவிடாத குழந்தையை எப்படிக் கையாள்வது என்பன எப்போதோ ஒருமுறை தேவைப்படுபவை. பயிற்சி விட்டுப்போனால் கை மறந்துவிடும்.

மூன்றாவது, துணை நிற்பது. தனியாக ஒரு கிளினிக்கில் இருப்பவர் ஒரு தாயையோ குழந்தையையோ இழந்துவிட்டால் அந்தப் பாரம் பெரியது. அதைப் பேச ஓர் ஆள் வேண்டும். மனம் உடைந்தவர் அடுத்த கர்ப்பிணியை நிதானமாகக் கவனிக்க முடியாது.

நான்கு நிறங்கள்

உங்கள் அம்மாவோ அக்காவோ கர்ப்பமாக இருந்தபோது கிளினிக்கில் கொடுத்த பதிவுப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். அதன் மேல் நிற வில்லை ஒன்று ஒட்டியிருக்கும். வெள்ளை என்றால் ஆபத்துக் காரணி இல்லை, தாதியே கவனிக்கலாம். பச்சை என்றால் மருத்துவரின் கண்காணிப்பில் தாதி கவனிக்க வேண்டும். தாயின் உயரம் 145 செ.மீ.-க்குக் குறைவாக இருப்பது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மஞ்சள் என்றால் மருத்துவரிடமோ மருத்துவமனைக்கோ அனுப்ப வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. வலிப்பும் கடும் இரத்தப்போக்கும் இதில் அடங்கும்.

இந்த முறையின் நன்மை என்ன? “பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார், அடுத்த வாரம் வரட்டும்” என்ற தனிமனித ஊகத்துக்கு அது இடம் தருவதில்லை. வரும் மேற்பார்வையாளரும் புத்தகத்தைத் திறந்து, குறிப்புகளுக்கும் நிறத்துக்கும் பொருத்தம் உண்டா என்று சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். மெர்சிங் கடலோரத் தீவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு இறுதிப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும்போது படகை நம்ப முடியாது. வெள்ளையாக இருந்திருக்கக் கூடாத ஒரு வில்லையைச் சரியான நேரத்தில் மாற்றினால், அந்தத் தாய் கடல் அமைதியாக இருக்கும்போதே கரைக்கு வந்துவிடலாம்.

ஒரு வரைபடமும் மேற்பார்வையாளரே

கணிதப் பாடத்தில் கோட்டு வரைபடம் வரைந்திருப்பீர்கள். பிரசவ அறையிலும் அப்படி ஒன்று உண்டு. அதன் பெயர் பார்ட்டோகிராம். கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்ற அளவு. அதில் இரண்டு சாய்கோடுகள் இருக்கும். முதலாவது எச்சரிக்கைக் கோடு. அதற்கு நான்கு மணி நேரம் வலப்பக்கம் தள்ளி இருப்பது நடவடிக்கைக் கோடு. தாயின் வரைகோடு முதல் கோட்டைத் தாண்டினால் கவனம். இரண்டாவதைத் தொட்டால் மருத்துவர் உடனே முடிவெடுக்க வேண்டும்.

1972-இல் ஆப்பிரிக்காவில், இன்றைய சிம்பாப்வேயில் பில்பாட், காசல் என்ற இருவர் இந்தக் கோடுகளை அறிமுகப்படுத்தினார்கள். மருத்துவமனையிலிருந்து தொலைவில் இருந்த மருத்துவச்சிகள், எப்போது தாயை மாற்றி அனுப்புவது என்று முடிவு செய்ய அவை உதவின. பின்னர் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகளில் 35,484 பெண்களிடம் இதைச் சோதித்தது. 18 மணி நேரத்துக்கு மேல் நீண்ட பிரசவங்கள் 6.4 விழுக்காட்டிலிருந்து 3.4 விழுக்காடாகக் குறைந்தன என்று 1994-இல் முடிவு வெளியானது.

கதை அதோடு முடியவில்லை. எல்லாப் பெண்களுக்கும் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது என 2018-இல் அதே நிறுவனம் சொன்னது. 2020-இல் புதிய படிவத்தை வெளியிட்டது. கருவிகளையும் அவ்வப்போது யாராவது சரிபார்க்க வேண்டியிருக்கிறது, பார்த்தீர்களா?

“யார்?” என்று கேட்காத விசாரணை

1991-இல் மலேசியச் சுகாதார அமைச்சு ஒரு புதிய முறையைத் தொடங்கியது. நாட்டில் நிகழும் ஒவ்வொரு தாய் மரணத்தையும் மாவட்டம், மாநிலம், தேசம் என்று மூன்று நிலைகளில் ஆராய்வது. இங்கிலாந்தில் 1952 முதல் நடந்துவந்த முறை இது. தேசிய நிலைக்குப் போகும்போது தாயின் பெயரும் தாதியின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் இருக்காது. “யார் தவறு செய்தார்?” என்பது அங்கே கேள்வி இல்லை. “எந்த இடத்தில் தடுத்திருக்கலாம்?” என்பதே கேள்வி.

விளைவு வியப்பாக இருந்தது. முதல் ஆண்டிலேயே நாட்டின் தாய் இறப்பு விகிதம் ஏறக்குறைய இருமடங்காகத் தெரிந்தது. தாய்மார்கள் திடீரென்று அதிகம் இறக்கத் தொடங்கவில்லை. முன்பு வேறு காரணங்களின் பெயரில் பதிவான மரணங்கள் இப்போது கண்ணில் பட்டன. பயமில்லாமல் பேச இடம் கிடைத்ததும் உண்மை வெளியே வந்தது. அதிலிருந்து இரத்தப்போக்கு, உயர் இரத்த அழுத்தம், கர்ப்பிணிகளின் இதய நோய் ஆகியவற்றுக்கான பயிற்சி நூல்கள் உருவாகி மருத்துவமனைகளுக்குப் போயின.

மேற்பார்வையும் தவறலாம்

இங்கிலாந்தில் 1902 முதல் மருத்துவச்சிகளின் மேற்பார்வை சட்டத்தில் இருந்தது. ஆனால் அங்கே ஆதரவு தரும் தோழியும் குற்றத்தை விசாரிக்கும் அதிகாரியும் ஒருவராகவே இருந்தார். பெரும்பாலும் அவர் அதே இடத்தில் வேலை செய்பவராகவும் இருந்தார். மோர்காம் பே பகுதி மருத்துவமனை ஒன்றில் 2004 முதல் 2013 வரை நடந்தவற்றை ஆராய்ந்த குழு, வேறு விதமாகக் கவனித்திருந்தால் ஒரு தாயும் 11 குழந்தைகளும் பிழைத்திருக்கலாம் என்று 2015-இல் அறிவித்தது. உள்ளேயே நடந்த விசாரணைகள் குறைகளை வெளிக்கொணரவில்லை. 2017-இல் அந்நாடு சட்டத்தை மாற்றி, விசாரணையை மேற்பார்வையிலிருந்து பிரித்தது.

இதிலிருந்து நமக்கு என்ன புரிகிறது? மேற்பார்வையாளர் தண்டிக்க மட்டும் வருபவராக இருந்தால் தாதிகள் தவறை மறைப்பார்கள். நண்பராக மட்டும் இருந்தால் மேற்பார்வையாளரே தவறை மறைப்பார். இரண்டையும் தனித்தனியே வைத்தால்தான் தாய்க்குப் பாதுகாப்பு.

நீங்கள் செய்யக்கூடியது

இன்று ஜொகூரில் பெரும்பாலான குழந்தைகள் மருத்துவமனையில்தான் பிறக்கின்றன. ஆனால் அதற்கு முந்தைய மாதங்களும் பிந்தைய வாரங்களும் கிராமத் தாதியின் கையில். வீடு தேடி வரும் தாதியோடு சில வேளை அவருடைய மேலதிகாரியும் வருவார். “ஏன் இரண்டு பேர் வந்து பார்க்கிறார்கள்? ஏதாவது பெரிய வியாதியா?” என்று வீட்டில் பயந்தால், காரணத்தை நீங்கள் சொல்லலாம். ஒவ்வொரு முறையும் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் போகும்படி நினைவூட்டலாம். புத்தகம் வீட்டில் இருந்தால் இரண்டாவது கண்ணுக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது.

கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு மாவட்டத்தில் ஆண்டுக்கு 5,000 குழந்தைகள் பிறக்கின்றன. தாய் இறப்பு விகிதம் 100,000-க்கு 25. பத்து ஆண்டுகளில் எத்தனை மரணங்களை எதிர்பார்க்கலாம்? அந்த மாவட்டத்தில் 50 தாதிகள் இருந்தால், ஒவ்வொருவரும் தம் அனுபவத்திலிருந்து மட்டும் எவ்வளவு கற்க முடியும்? எல்லா மரணங்களையும் ஒரே மேசையில் வைத்து ஐம்பது பேரும் ஆராய்ந்தால் எவ்வளவு கற்கலாம்?