படலையைத் திறப்பது யார்?

கண்டிக்கு அதிவேக நெடுஞ்சாலை இன்னும் வந்து சேரவில்லை. மத்திய அதிவேக நெடுஞ்சாலையில் மீரிகமவுக்கும் குருநாகலுக்கும் இடைப்பட்ட சுமார் 40 கிலோமீற்றர் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. பொத்துஹெரவிலிருந்து கலகெதர வரை வரவேண்டிய பகுதிதான் நமக்குரியது. அதுவரை, கட்டுநாயக்கவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் என் சாச்சா போன்றவர்கள் கலகெதர, மாவத்தகம வழியாகக் குருநாகல் பக்கம் போய்த்தான் அதில் ஏறுகிறார்கள்.

ஏறும்போது ஒரு சீட்டு வாங்க வேண்டும். இறங்கும்போது அதைக் கொடுத்து, ஓடிய தூரத்துக்கும் வாகன வகைக்கும் ஏற்பப் பணம் செலுத்த வேண்டும். 2011இல் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்டது முதல் நாம் பழகிய முறை இது. கூண்டில் இருப்பவர் சில விநாடிகளில் செய்யும் இந்த வேலைக்குள் நான்கு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. வாகனம் வந்ததா? அது யாருடையது? எந்த வகை? பணம் சேருமா? ஆளில்லாத வழித்தடத்தில் இவற்றுக்கு இலத்திரனியல் கருவிகளே பதில் சொல்ல வேண்டும். அயல்நாடான இந்தியாவில் 2021 பெப்ரவரியில் கட்டாயமாக்கப்பட்ட ‘ஃபாஸ்டேக்’ முறையைக் கொண்டு இதை விளக்கலாம்.

முதற் கேள்விக்கான பதில் தாருக்கு அடியில் இருக்கிறது. வீதியை மெல்லியதாக வெட்டி, சில சுற்றுக் கம்பியைப் புதைத்து, அதில் ஆடலோட்டம் செலுத்துகிறார்கள். வாகனம் மேலே வந்ததும் அதன் உலோக அடிப்பாகத்தில் மின்னோட்டங்கள் தூண்டப்படுகின்றன. உயர்தரப் பௌதிகவியலில் நாம் படிக்கும் லென்சின் விதிப்படி, அவை கம்பிச் சுருளின் காந்தப்புலத்தை எதிர்க்கின்றன. இதனால் சுற்றின் மீடிறன் சற்று மாறுகிறது. அந்தச் சிறு மாற்றமே “வாகனம் வந்துவிட்டது” என்ற செய்தி.

இரண்டாவது பதில் முன்கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ளது. அதற்குள் மயிரளவான ஓர் அன்டெனாவும் சிறிய சில்லும் உண்டு, மின்கலம் இல்லை. மேலேயுள்ள வாசிப்பான் ஏறக்குறைய 865 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் அனுப்பும் வானொலி அலையிலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய சக்தியைப் பெற்று, அதே அலையைத் தன் இலக்கத்துக்கேற்பத் தெறிக்கச் செய்கிறது. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் ஐந்து மீற்றரைக் கடக்க 0.6 விநாடியே ஆகும். வாசிப்பு அதற்குள் முடிந்துவிட வேண்டும்.

லொறிக்குரிய ஸ்டிக்கருக்குப் பதிலாகக் காரின் ஸ்டிக்கரை ஒட்டி வந்தால்? அதற்காகவே அச்சுகளை எண்ணும் உணரிகளும், ஒட்டி வரும் இரு வாகனங்களைப் பிரித்தறியும் ஒளித்திரையும், இலக்கத்தகட்டைப் படமெடுக்கும் கெமராவும் இருக்கின்றன. ஒரு கருவி சொன்னதை மற்றது சரிபார்க்கிறது.

வழித்தடக் கணினி ஒவ்வொரு முறையும் வங்கியைக் கேட்டுக் காத்திருப்பதில்லை. பணம் போதாத, முடக்கப்பட்ட ஸ்டிக்கர்களின் பட்டியல் முன்கூட்டியே அதற்கு வந்துவிடும். அதைப் பார்த்துத் தீர்மானித்து, கணக்கைப் பிறகு அனுப்புகிறது. “வாகனம் உண்டு, ஸ்டிக்கர் செல்லும்” என்ற இரண்டும் உண்மையானால் தடைக்கம்பம் உயரும். பாடப்புத்தகத்தில் நாம் வரையும் ‘அன்ட்’ தர்க்கப் படலை இதுதான். நம் வீட்டு வேலியில் இருப்பதும் படலை, மின்சுற்றில் இருப்பதும் படலை! அந்தப் பெயரை வைத்தவரை இங்கே பாராட்டத் தோன்றுகிறது.

ஆனால் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது, படலை திறக்காத நேரம். ஸ்டிக்கர் சரி, கணக்கில் பணமும் உண்டு, வாசிப்பான் மட்டும் பழுது என்றால் யார் பொறுப்பு? 2018இல் இந்திய அரசு தன் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளைத் திருத்தி இதற்கு விடை கொடுத்தது. அந்த வாகனத்தைக் கட்டணமின்றி அனுப்பி, பூச்சியப் பற்றுச்சீட்டும் கொடுக்க வேண்டும். கருவியின் பழுது கருவியை வைத்தவரின் சுமை; பயணியின் சுமையல்ல.

இந்த ஒரு விதி முழு அமைப்பையும் மாற்றுகிறது என்பேன். பழுதால் தனக்கே நட்டம் வரும் என்று தெரிந்தவர் மேலதிகமாக ஒரு வாசிப்பானைப் பொருத்துவார், மின்தடைக்கு மாற்று ஏற்பாடு வைப்பார், அழைத்தால் வரக்கூடிய ஒருவரையும் பக்கத்திலேயே நிறுத்துவார். பழுதைப் பயணியின் தலையில் கட்டலாம் என்றால் இவற்றில் எதையும் செய்யமாட்டார். விமானத்துக்கு நேரமாகிவிட்ட குடும்பமோ, கொழும்பு வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்படும் நோயாளியோ கம்பத்தின் முன்னால் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

அளவையிலும் நிறுவையிலும் நேர்மை வேண்டும் என்று நமக்குச் சிறு வயதிலேயே சொல்லித் தருகிறார்கள். நாளைய தராசு தாருக்கடியில் புதைந்த கம்பியாகவும் கண்ணாடியில் ஒட்டிய சில்லாகவும் இருக்கும். அதுவும் ஓர் அமானிதமே. கலகெதரவுக்கு நெடுஞ்சாலை வரும் நாளில் அந்தக் கம்பியையும் சில்லையும் வடிவமைப்பவர்களுள் பேராதனைப் பொறியியற் பீடத்தில் படித்த நம் கல்லூரி மாணவி ஒருத்தியும் இருக்க வேண்டும். படலை திறக்காவிட்டால் என்ன செய்வது என்பதை அவள் முதலில் வரையட்டும். திறப்பதைப் பிறகு வரையலாம்.